இருபத்துமூன்றாம் டோன்

டனீடின்,
10 மார்ச் 2024

என் அன்புள்ள அண்ணிக்கு,

கோதை எழுதுவது. நானும் வருணும் சுகம். நீங்களும் அண்ணனும் எப்படி இருக்கிறீர்கள்? அண்ணனின் முழங்கால் வலி குறைந்ததா, இல்லை இன்னும் தைலக்காரனுக்குத்தான் லாபமா?

தபாலில் என் கையெழுத்தைப் பார்த்ததும், இவளுக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள். ஒன்றும் வரவில்லை. புதிதாக மாறிய வீடு மலைச்சரிவில் இருக்கிறது. போனில் பேசினால் பாதிப் பேச்சைக் காற்று விழுங்கிவிடுகிறது. செய்தி தட்டி அனுப்பலாம்தான். அனுப்பிய மறுநொடி நீங்கள் கூப்பிடுவீர்கள். உங்களைத் தெரியாதா எனக்கு? அதனால் கொஞ்ச காலம் கடிதம் எழுதுவோமே. உங்கள் கோழிக்கிறுக்கலைப் படித்து நாளாயிற்று.

வருணுக்கு அண்ணன் போட்ட செய்தியில், நம் பழைய கீபோர்டை ரிப்பேருக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்று இருந்தது. என்ன ஆயிற்று அதற்கு? உள்ளே நீங்கள் செய்து வைத்த ஒலிகள், அந்த டோன்கள் எல்லாம் பத்திரம்தானே? முக்கியமாக 23.

இந்தத் தெற்குக் கோடியில் மார்ச்சிலேயே குளிர் தொடங்கிவிட்டது. கழுத்தில் மப்ளர் சுற்றாமல் வெளியே போகக் கூடாது என்பது வருணின் சட்டம். தாய்க்குப் பிள்ளை பெரியவனாகிவிட்டான். உடனே பதில் போடுங்கள்.

பிரியமுள்ள கோதை


செம்பவாங்,
2 ஏப்ரல் 2024

அன்புக் கோதைக்கு,

அண்ணி மங்களம். கடிதம் கண்டு சந்தோஷம், கோழிக்கிறுக்கல் என்றதைக் கண்டு கோபம். உன் அண்ணன் நலம். முழங்கால் தேக்கா சந்தைக்குப் போக மட்டும் வலிக்கிறது, கோப்பிக் கடைக்குப் போக வலிப்பதில்லை.

கீபோர்டுக்கு வந்த வியாதியைக் கேள். உள்ளே ஒரு பேட்டரி இருக்கிறதாம். கரண்டை அணைத்த பிறகும் நம் நாற்பது டோன்களை மறக்காமல் வைத்திருப்பது அதுதான். அது இப்போது ஒழுகுகிறது. டன்லப் ஸ்திரீட்டில் ஒரு மாடியில் சாயிரா பானு என்று ஒருத்தி கடை வைத்திருக்கிறாள். பழைய சிந்தசைசர் என்றால் பச்சைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்குகிறாள். மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "அக்கா, பேட்டரித் தண்ணி போர்டையே தின்னுக்கிட்டு இருக்கு லா" என்றாள். பேட்டரியோடு பழைய மெமரி சிப்பையும் எடுத்துவிட்டு ஒரு குட்டி போர்டு வைக்கலாமாம். அதற்குப் பேட்டரியே வேண்டாம். நாற்பது டோன் வைத்த இடத்தில் ஐந்நூறுக்கும் மேலே வைக்கலாம்.

நினைத்துப் பார். புதிதாக ஒரு டோன் செய்தால் எதை அழிப்பது என்று நாம் போட்ட சண்டை எத்தனை. உன் கல்யாணத்துக்கு நாதஸ்வர டோன் வைக்க வேண்டும் என்று என் அருமையான புல்லாங்குழலை அழித்தேனே. இனி அந்தத் தொல்லை இல்லை. ஒரு மாதம் யோசித்துச் சொல்கிறேன் என்று வந்திருக்கிறேன்.

23 பத்திரமாக இருக்கிறது. ஏன், அதன்மேல் இப்போது இவ்வளவு கரிசனம்? அந்தக் காலத்தில் அதைப் பற்றிப் பேசினாலே வாயைப் பொத்துவாய். பெரிய பாடகி பூங்கோதைக்குக் கடைசி இழுப்பில் மூச்சு முட்டும், முட்டினால் இடது காதுத் தோட்டைத் தொடுவாள், தொட்டால் அண்ணி 23-ஐ அழுத்தி அவள் விட்ட இடத்திலிருந்து இழுப்பாள். நம் மகளிர் இசைக்குழுவில் மற்றவர்களுக்கே இது தெரியாது. உன் குரலுக்கு ஜாடை பார்த்துப் பார்த்து நான் செய்த டோன். உனக்கு வயது ஏற ஏற அதையும் திருகித் திருகி, பழையதை அழித்துப் புதியதை அதே இடத்தில் வைத்தேன்.

இன்னொரு சேதி. தீபாவளிக்கு முன்னால் நம் சமூக மன்றத்தில் பழைய குழுவை ஒரு மாலை மேடையேறச் சொல்கிறார்கள். தாளக்காரி செல்லம்மா இப்போதே புடவை எடுத்துவிட்டாள். நீ வந்து பாடுகிறாய். டிக்கெட் போடு. இது கேள்வி இல்லை.

அன்புடன் உன் அண்ணி


டனீடின்,
25 ஏப்ரல் 2024

அன்பான அண்ணிக்கு,

இருவரும் சௌகரியம். உங்கள் இருவருக்கும் அப்படியே இருக்க வேண்டும். வருண் தினமும் ஒரு சூப் வைத்துத் தருகிறான். உப்பில்லாத அந்தச் சூப்பைக் குடித்தால் உங்கள் ரசத்தின் அருமை தெரியும்.

மேடை விஷயம் பார்க்கலாம். அக்டோபருக்கு இன்னும் நாள் இருக்கிறது. அந்தப் பாட்டுகளை இந்தக் காலத்தில் யார் கேட்பார்கள்? செல்லம்மாவின் புடவை என்ன நிறம் என்று எழுதுங்கள்.

அண்ணி, ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கீபோர்டைத் திறப்பதற்கு முன்னால் நாற்பது டோன்களையும் எங்காவது எடுத்து வைத்தாயிற்றா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். முன்பு கேசட்டில் ஏற்றி வைப்போமே, அந்தக் கேசட் இருந்தால் போட்டுக் கேளுங்கள். இருக்கிறது என்று சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள், காதால் கேளுங்கள். மற்றவை போனாலும் பரவாயில்லை. 23 இருக்க வேண்டும்.

ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. வயதானால் சில பொருள்மேல் ஆசை வந்துவிடுகிறது போலும்.

அண்ணனைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

கோதை


செம்பவாங்,
20 மே 2024

அன்புக் கோதைக்கு,

எல்லோரும் நலம் என்று ஆரம்பிக்க வேண்டும். உன் அண்ணன் நலமாக இருப்பது என் பொறுமையினால்தான்.

உன் கடிதம் வருவதற்கு முந்திய வாரமே நான் அவசரப்பட்டுவிட்டேன். சாயிரா சிப்பைக் கழற்றுவதற்கு முன் கேட்டாள், "அக்கா, கேசட் நல்லா இருக்கா? கழட்டினா உள்ள இருக்கறது எல்லாம் போயிடும்." மெஷினில் இருந்து கேசட்டுக்கு எடுக்கும் துளையை ஒழுகிய தண்ணீர் தின்றுவிட்டதால், புதிதாகப் பதிவு செய்ய வழி இல்லை. எனக்கு என்ன கவலை? பிஸ்கட் டின்னில் கேசட் இருக்கிறது. "இருக்கு, இருக்கு, நீ கழட்டு" என்றேன்.

மறுநாள் கேசட்டை எடுத்துக்கொண்டு போனேன். டோன்களைக் கேசட்டில் ஏற்றினால் கிறீச் கிறீச் என்று பல்லைக் கூசும் சத்தம் மட்டும் வரும், உனக்குத் தெரியும். சாயிரா போட்டாள். கிறீச் வரவில்லை. "பக்த கோடிகள் இதோ பூக்குழியை நெருங்கிக்கொண்டிருக்கிறார்கள்" என்று கணீரென்று ஒரு குரல் வந்தது.

சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயில் தீமிதி, வானொலி வர்ணனை! வீட்டுக்கு வந்து உன் அண்ணனைக் கேட்டேன். எந்தக் காலத்திலோ அவருடைய கப்பல்பட்டறைக் கூட்டாளி பூ மிதித்தாராம். வானொலியில் பெயர் சொல்வார்கள் என்று பதிவு செய்தாராம். "கிறீச்சுனு கேட்டுச்சும்மா, கெட்டுப்போன கேசட்னு நெனச்சேன்" என்றார். கடைசிவரை அந்தப் பெயரையும் சொல்லவில்லையாம். மறுபக்கத்தைத் திருப்பிப் போட்டேன். அங்கேயும் பக்த கோடிகள் நடந்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

சிரி, சிரித்துவிட்டு என்னைத் திட்டு. நாற்பதும் போயிற்று. மற்றவற்றை என் விரல்கள் நினைவு வைத்திருக்கின்றன, குமிழ்களைத் திருகினால் வந்துவிடும். 23 மட்டும் மூலத்தைக் கேட்காமல் வராது. மூலம் உன் தொண்டையில்தானே இருக்கிறது? நாலு வரி பாடி வருணின் போனில் பதிவு செய்து அனுப்பு. ஒரு வாரத்தில் செய்து காட்டுகிறேன்.

குற்றவாளிகள் இருவரின் அன்பும்,
அண்ணி


டனீடின்,
9 ஜூன் 2024

அண்ணிக்கு,

கடிதம் வந்தது. இங்கே நலம்.

போட்டுக் கேளுங்கள் என்று எழுதியிருந்தேன். பிந்தி வந்தது என்கிறீர்கள். சரி.

பதிவு இப்போது முடியாது. கொஞ்சம் சளி. அண்ணனைத் திட்டாதீர்கள்.

கோதை


செம்பவாங்,
1 ஜூலை 2024

என் கோபக்கார நாத்தனாருக்கு,

சளி தேவலையா? கருப்பட்டியும் சுக்கும் பார்சலில் வருகின்றன. காலையிலும் மாலையிலும் குடி.

உன் கடிதத்தைப் பலமுறை திருப்பிப் பார்த்தேன், பின்பக்கத்தில் ஏதாவது எழுதியிருக்கிறாயோ என்று. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளில் இருந்து உன்னோடு சண்டை போட்டிருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக நீ சண்டை போட்டதே இல்லை. கத்தினால் நானும் கத்துவேன், பிறகு இருவரும் பரோட்டா சாப்பிடப் போவோம். இப்படிச் 'சரி' என்று எழுதினால் நான் என்ன செய்வேன்?

கீபோர்டு வீட்டுக்கு வந்துவிட்டது. புது போர்டு ஒழுங்காக வேலை செய்கிறது. நம்பரைத் தட்டத் தட்ட எல்லாம் காலி. புதுமனை புகும்போது சாமான் வராத ஹாலில் நின்று பேசினால் எதிரொலிக்குமே, அப்படி இருக்கிறது. நாதஸ்வரத்தையும் வீணையையும் மறுபடி செய்து குடிவைத்துவிட்டேன். 23-இல் எதையும் வைக்கவில்லை. அது உன்னுடைய இடம்.

சமூக மன்றத்தில் நோட்டீஸ் அச்சடிக்கப் போகிறார்கள். பாடுபவர் பூங்கோதை என்று கொடுத்துவிட்டேன். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம். நீ ஆடத் தெரிந்தவள், உனக்கு என்ன சாக்கு?

நாலு வரி, கோதை. இருமலோடு பாடினாலும் போதும்.

காத்திருக்கும் அண்ணி


செம்பவாங்,
18 ஆகஸ்ட் 2024

அன்புக் கோதைக்கு,

நலமா? உண்மையாகவே கேட்கிறேன்.

பதில் இல்லை. நீ வேண்டாம் என்றாலும் போன் செய்தேன். வருண் எடுத்து, "அத்தை, அம்மா கடைக்குப் போயிருக்காங்க" என்றான். நான்கு நாள் கழித்துக் கூப்பிட்டேன், அப்போதும் கடை. அவன் பேசும்போது பின்னால் கெட்டில் விசில் அடித்தது, யாரோ அதை அணைத்தார்கள். காற்று உன் வீட்டில் வருணின் குரலை விழுங்கவில்லை, தெளிவாகத்தான் கேட்டது.

நான் அதற்குமேல் அவனைக் கேட்கவில்லை. பொய் சொல்லத் தெரியாத பிள்ளை, பாவம்.

உன் அண்ணன் அந்தத் தீமிதிக் கேசட்டைக் குப்பையில் போட்டுவிட்டு, பிறகு தானே போய் எடுத்து வைத்திருக்கிறார். உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்கிறார். கோபம் கேசட்டுக்காக என்றால் எங்களை என்ன வேண்டுமானாலும் சொல். வேறு ஏதாவது என்றால் அதைச் சொல். நோட்டீஸில் இருந்து உன் பெயரை எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். பாட வேண்டாம். எழுது.

அண்ணி


டனீடின்,
2 செப்டம்பர் 2024

என் அண்ணிக்கு,

கெட்டிலை அணைத்தது நான்தான்.

பிப்ரவரியில் எனக்குக் கழுத்தில் ஒரு அறுவை சிகிச்சை நடந்தது. தைராய்டில் கட்டி. பயப்படாதீர்கள், அது கெட்ட கட்டி இல்லை, எடுத்தாயிற்று, உடம்புக்கு இனி ஒன்றும் இல்லை. அண்ணனிடம் இந்த வரியை முதலில் படித்துக் காட்டுங்கள். ஆனால் குரலுக்குப் போகும் நரம்பு ஒரு பக்கம் அசையாமல் போய்விட்டது. அப்படியும் ஆகலாம் என்று முன்பே சொல்லித்தான் செய்தார்கள், யார்மேலும் குற்றம் இல்லை. பேசினால் பாதி காற்றாக வருகிறது. சைக்கிள் டியூபில் ஓட்டை விழுந்தது போல. பயிற்சி கொடுக்கிறார்கள். பேச்சு கொஞ்சம் தேறும் என்கிறார்கள். பாட்டு வராது.

உங்களுக்கு வருத்தமாக இருக்கும் என்பதால் மறைக்கிறேன் என்று வருணிடம் சொன்னேன். அது முழு உண்மை இல்லை. இந்தக் குரலை நீங்கள் ஒருமுறை கேட்டுவிட்டால், இதுதான் கோதையின் குரல் என்று ஆகிவிடும். உங்கள் காதிலாவது பழையது இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன்.

23-ஐப் பற்றிக் கேட்டதும் அதனால்தான். என் தொண்டையில் இல்லாவிட்டால் என்ன, செம்பவாங்கில் ஒரு பெட்டிக்குள் இருக்கிறது, அண்ணி விரலை வைத்தால் வரும் என்று நினைத்துக்கொள்வேன். ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அது பெரிய ஆறுதலாக இருந்தது. பிறகு கேசட் கடிதம் வந்தது. சிரிப்பும் வந்தது, அண்ணி. தீமிதி என்று படித்ததும் சிரித்தேன், சிரிப்பும் சத்தமாக வரவில்லை. அதன் பிறகுதான் அழுதேன். பாடி அனுப்பு என்று நீங்கள் கேட்டீர்கள். எதைப் பாடி அனுப்புவது?

அண்ணன்மேல் கோபம் இல்லை. உங்கள்மேலும் இல்லை. இனி மறைக்க ஒன்றும் இல்லை. ஆனாலும் கூப்பிட வேண்டாம். எழுதுங்கள்.

உங்கள் கோதை


செம்பவாங்,
20 செப்டம்பர் 2024

என் கண்ணே கோதை,

நீ சொன்னபடி முதல் வரியை உன் அண்ணனுக்குப் படித்தேன். மற்றதை அவரே வாங்கிப் படித்தார். படித்துவிட்டு முழங்கால் வலியை மறந்து எங்கள் அடுக்குமாடி புளோக்கைச் சுற்றி நடந்துவிட்டு வந்தார்.

எனக்குக் கோபம் தாங்கவில்லை. ஆஸ்பத்திரியில் தனியாகப் படுத்தாயா? உப்பில்லாத சூப்பைக் குடித்தாயா? ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ரசப்பொடியோடு விமானம் ஏறியிருப்பேனே. போனைக் கையில் எடுத்து எடுத்து வைத்தேன். நீ எழுதச் சொன்னாய், எழுதுகிறேன். என்னைக் கட்டிப்போட உன்னால்தான் முடியும்.

இப்போது நான் சொல்வதைக் கேள். செல்லம்மா வீட்டுப் பரணில் இருந்து நம் கச்சேரிக் கேசட் ஒன்று கிடைத்தது, செம்பவாங்கில் கடைசியாக மேடையேறியபோது பதிவு செய்தது. நிறைவுப் பாட்டில் நீ இழுக்கிறாய், பிறகு நான் 23-இல் இழுக்கிறேன். அதை வைத்து மறுபடி செய்யப் பார்க்கிறேன். முன்பு ஒரே ஒரு இடம்தான், புதியதை வைத்தால் பழையது போய்விடும் என்ற பயத்தில் பத்து முறை யோசிப்பேன். இப்போது செய்து பார்த்த ஒவ்வொன்றையும் ஒவ்வொரு இடத்தில் வைத்துக்கொண்டே போகிறேன். ஒன்றில் உன் பத்தொன்பது வயது எட்டிப் பார்க்கிறது. ஒன்றில் உனக்கு மூக்கடைப்பு. எதையும் அழிக்கவில்லை. இப்போதைக்கு உன் ஜாடைக்கு அதிகம் ஒட்டுவதை 23-இல் வைத்திருக்கிறேன்.

சிக்கல் என்னவென்றால், அந்தக் கேசட்டில் நீ எங்கே நின்றாய், நான் எங்கே வந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. சாயிரா காதில் மாட்டிக் கேட்டுவிட்டு, "முழுக்க ஒரு ஆள் பாடுற மாதிரிதான் இருக்கு லா" என்கிறாள். நீ கேட்டுச் சொல். அவளே அந்தப் பாட்டை வருணின் போனுக்கு அனுப்பியிருக்கிறாள்.

அடுத்தது. இப்போது இருக்கும் உன் குரலும் எனக்கு வேண்டும். முகத்தைச் சுளிக்காதே. கீபோர்டில் இரைச்சல் குமிழ் என்று ஒன்று உண்டு, காற்றுச் சத்தம் தரும். இத்தனை வருஷமும் நாடகத்துக்கு மழையும் கடலலையும் செய்வதற்குத்தான் அதைத் தொட்டேன். உன் கடிதம் வந்த நாளில் இருந்து 23-ஓடு அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பார்க்கிறேன். காற்றுக்குள்ளே ஒரு பெண் நின்று பாடுவது போல வருகிறது. அழகாகத்தான் இருக்கிறது, கோதை. ஜாடை சரியா என்று உன்னைக் கேட்டால்தானே தெரியும்?

என் காதில் பழையது மட்டும் இருக்கட்டும் என்கிறாயே, என் காது என்ன அந்த நாற்பது டோன் மெஷினா, ஒன்றை வைத்தால் இன்னொன்று அழிய? நீ காய்ச்சலில் பாடியது, பிள்ளை பெற்றுப் பாடியது, மாப்பிள்ளை காலமான பிறகு ஒரு வருஷம் பாடாமல் இருந்துவிட்டு முதல்முதலாகப் பாடியது, எல்லாம் இருக்கிறது. இதற்கும் இடம் இருக்கிறது. அனுப்பு.

உன் அண்ணி


டனீடின்,
8 அக்டோபர் 2024

என் அன்பு அண்ணிக்கு,

சுகம். ரசப்பொடி வந்தது. வருண் உப்பும் போட ஆரம்பித்துவிட்டான். அண்ணனை அவ்வளவு தூரம் நடக்க விடாதீர்கள்.

வருணின் இயர்போனில் கேசட்டைக் கேட்டேன். முதலில் எனக்கே தெரியவில்லை. மறுபடி கேட்டதும் தெரிந்தது. செல்லம்மா தாளத்தை நிறுத்துகிறாள் அல்லவா, அதற்குச் சற்று முன்பே நான் நின்றுவிட்டேன். அந்த இடத்தில் எச்சில் விழுங்கியது ஞாபகம் இருக்கிறது, முன்வரிசையில் யாரோ பார்த்துவிட்டார்களோ என்று பயந்ததும் ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு போவதெல்லாம் நீங்கள். கூட்டம் கைதட்டியதும் நீங்கள் இழுத்ததற்குத்தான். அத்தனை கைதட்டலையும் நான் வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போகும்போது உங்களுக்கு ஒரு கோப்பி மட்டும் வாங்கிக் கொடுத்தேன்.

இப்போது உள்ள குரலைப் பதிவு செய்து அனுப்பப் பார்த்தேன். போனைப் பிடித்துக்கொண்டு தனியாகப் பேச வரவில்லை. யாராவது எதிரில் இருந்தால்தான் வருகிறது. அதனால் இந்தக் கடிதம் கிடைத்ததும் வருணுக்கு ஒரு வரி செய்தி போடுங்கள். அடுத்து வரும் ஞாயிறு, உங்கள் காலைக் கோப்பி முடிந்ததும், வீடியோவில் நான் கூப்பிடுகிறேன். அண்ணனும் இருக்கட்டும். தீமிதிக் கேசட்டையும் காட்டச் சொல்லுங்கள்.

டிக்கெட்டும் போட்டுவிட்டேன். மேடையில் உங்கள் பக்கத்தில் ஒரு நாற்காலி போடச் சொல்லுங்கள், அங்கே உட்கார்ந்து யார் பாடினாலும் குறை சொல்வேன்.

ஞாயிற்றுக்கிழமை கீபோர்டைத் துணி போட்டு மூடி வைக்காதீர்கள். கரண்டைப் போட்டு, 23-ஐத் தட்டி, பக்கத்திலேயே உட்காருங்கள். நிறைவுப் பாட்டின் முதல் வரியை மட்டும் பாடிப் பார்க்கப் போகிறேன். பாதியில் நின்றுவிடும், அது எனக்குத் தெரியும். நிற்கும்போது தோட்டைத் தொடுவேன். வந்துவிடுங்கள், அண்ணி.

உங்கள் கோதை